ஒரே அடுப்பா, நடுவுல கண்ணாடியா

ரெண்டு நாளா இந்தக் கேள்வி மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. "அமெரிக்காவுல கருப்பினத்தவங்க, மெக்சிகோக்காரங்க, சீனாக்காரங்க, கொரியாக்காரங்க, நம்ம இந்தியாக்காரங்க எல்லாருமே ஏதோ ஒரு காலத்துல வெள்ளக்காரங்ககிட்ட மிதி வாங்குனவங்கதானே, அப்புறம் ஏன் தங்களுக்குள்ளயே அடிச்சிக்கிறாங்க, ஒண்ணா நின்னா பெரிய பலம் ஆயிடாதா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. கேள்வி நியாயமானதுதான். ஆனா அதுக்குள்ள ஒரு தப்பு ஒளிஞ்சிருக்கு. இந்த "எல்லாரும்" முன்னாடியே குரூப் குரூப்பா ரெடியா நின்னாங்க, சேர மட்டும் மறந்துட்டாங்கன்னு நாம நினைச்சுக்கறோம். அப்படி யாரும் ரெடியா நிக்கல. அந்தக் குரூப்பே நம்ம கண்ணு முன்னாடி உண்டானதுதான், சிலது கோர்ட்டுல, சிலது திராட்சத் தோட்டத்துல, சிலது அடிதடியில.

நான் இங்க வந்து 23 வருஷம் ஆச்சு, முதல் 9 வருஷம் டெட்ராய்ட் பக்கம், அப்புறம் கலிபோர்னியா. வந்த புதுசுல காய்ச்சல்னு ஒரு கிளினிக் போனேன், ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, அதுல இனம்னு ஒரு கேள்வி, கீழ வரிசையா கட்டம். நமக்கு என்ன தெரியும், "அமெரிக்கன் இந்தியன்"னு ஒண்ணு இருந்துச்சு, அமெரிக்காவுல இருக்கிற இந்தியன் நான்தானேன்னு டிக் அடிச்சு குடுத்துட்டேன். கவுண்டர்ல இருந்த அம்மா என் மூஞ்சியையும் ஃபார்மையும் மாத்தி மாத்தி பாத்துட்டு, எந்த ட்ரைப்னு கேட்டாங்க. ஒரு செகண்ட் ஆடிப் போயிட்டேன், இவ்ளோ தூரம் ஃபிளைட் ஏறி வந்தும் சாதிய கேக்குறாங்களேன்னு. அப்புறம்தான் அந்தம்மா, அது அமெரிக்கப் பூர்வகுடிங்களுக்கான கட்டம்னு சொல்லி, சிரிச்சுக்கிட்டே "ஏசியன்"ங்கிற கட்டத்தைக் காட்டினாங்க. என் 25 வயசு வரைக்கும் நான் ஏசியன்னு எனக்கே தெரியாது சார். சீனாக்காரரும் நானும் ஒரே கட்டம்னு சொன்னா எங்க ஆத்தா சிரிச்சே செத்திருக்கும்.

அந்தக் கட்டத்தோட கதைய கொஞ்சம் பாப்போம்.

1941 டிசம்பர்ல ஜப்பான் பேர்ல் ஹார்பர்ல குண்டு போட்டதும் அமெரிக்காவுல இருந்த சீனாக்காரங்க பல பேரு சட்டையில "நான் சைனீஸ்"னு பேட்ஜ் குத்திட்டு நடந்தாங்க, அடி நம்ம மேல விழுந்துடக் கூடாதுன்னு. லைஃப் பத்திரிகை ரெண்டு மூஞ்சியப் பக்கத்துல பக்கத்துல போட்டு, யாரு சீனா யாரு ஜப்பான்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு பாடமே எடுத்துச்சு. 1942 பிப்ரவரி 19ம் தேதி ரூஸ்வெல்ட் கையெழுத்து போட்ட 9066ங்கிற ஆர்டர்ல சுமார் 1,20,000 ஜப்பான் வம்சாவளிக்காரங்கள மேற்குக் கரையிலருந்து கிளப்பி முள்வேலி கேம்ப்ல அடைச்சாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு அமெரிக்காவுலயே பொறந்த குடிமக்கள், கையில தூக்க முடிஞ்சது மட்டும்தான் கொண்டு போகலாம். லாஸ் ஏஞ்சல்ஸ்ல லிட்டில் டோக்கியோன்னு ஒரு ஏரியா அப்படியே காலி ஆச்சு. அந்த நேரம் பாத்து தெற்கு மாகாணங்கள்லருந்து கருப்பினத்தவங்க யுத்த ஃபேக்டரி வேலைக்கு வந்து இறங்குறாங்க, அவங்களுக்கு ஊர்ல பாதிக்கு மேல வீடு வாடகைக்கே குடுக்க மாட்டாங்க, பத்திரத்துலயே எழுதி வச்சிருப்பாங்க. அவங்க போய் அந்த காலி வீடுகள்ல நெருக்கியடிச்சு தங்குனாங்க, ஏரியா பேரே பிரான்ஸ்வில்னு மாறிடுச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒருத்தரைப் பிடுங்கி எறிஞ்ச இடத்துலதான் இன்னொருத்தருக்கு ஒதுங்க இடம் கிடைச்சுது, ரெண்டு பேருமே இந்த ஏற்பாட்டைப் பண்ணல.

அதே பிப்ரவரி 19, ஆனா 1923. பகத் சிங் திண்ட் கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த நாள். இது நம்ம ஆளுங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய கேஸ். அப்போ சட்டப்படி குடியுரிமைக்கு விண்ணப்பிக்கணும்னா ஒண்ணு நீங்க வெள்ளையரா இருக்கணும், இல்ல ஆப்பிரிக்க வம்சாவளியா இருக்கணும், நடுவுல இருக்கிறவனுக்கு வழியே கிடையாது. அதுக்கு 3 மாசம் முன்னாடி டகாவோ ஒசாவான்னு ஒரு ஜப்பான்காரரு, 20 வருஷம் இங்க வாழ்ந்தவரு, என் தோலும் வெள்ளைதானேன்னு கேட்டாரு, கோர்ட் "வெள்ளைன்னா நிறம் இல்லப்பா, காக்கேசியன்னு அர்த்தம்"னு திருப்பி அனுப்பிடுச்சு. சரின்னு திண்ட் போறாரு, சீக்கியரு, முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவரு. இன ஆராய்ச்சிப் புத்தகத்துல பஞ்சாபிங்க காக்கேசியன் இனம்னுதானே போட்டிருக்கு, நான் ஆரியன், உயர்ந்த சாதி, எங்க ஊர்ல பழங்குடிகளை நாங்க பாக்குறது நீங்க கருப்பினத்தவங்கள பாக்குற மாதிரிதான், அப்படின்னு அவரு பக்கத்து வாதம். அதே ஜட்ஜு சதர்லாண்ட் இந்த தடவை என்ன சொன்னாருன்னா, புத்தகத்தை விடு, தெருவுல போற சாதாரண மனுஷன் உன்னை வெள்ளையன்னு சொல்லுவானா, சொல்ல மாட்டான், ஆக நீ இல்ல. 3 மாசத்துல ரூல்ஸ் தலைகீழ்.

எனக்கு அந்த தீர்ப்பை விட உறுத்துறது அந்த வாதம்தான். சாதிய பெட்டியில வச்சு கப்பல்ல கொண்டு வந்து, இன்னொருத்தன் தோள்ல மிதிச்சு மேல ஏறப் பாத்தாங்க, அந்த தோளும் போச்சு படியும் போச்சு. ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பல பேருகிட்ட அதைத் திரும்பப் பிடுங்கினாங்க. வைஷ்ணோ தாஸ் பாகாய்னு சான்பிரான்சிஸ்கோவுல கடை வச்சிருந்தவரு, நாடும் இல்லாம சொத்தும் நிக்காம 1928ல தற்கொலை பண்ணிக்கிட்டாரு. 1946ல தான் சட்டம் மாறுச்சு, அதுலயும் இந்தியாவுலருந்து வருஷத்துக்கு 100 பேரு குடியேறலாம்ங்கிற கணக்கு.

ஆனா பாருங்க, அதே காலத்துல கலிபோர்னியா இம்பீரியல் வேலில விவசாய வேலை பாத்த பஞ்சாபி ஆளுங்க கோர்ட்டுக்கெல்லாம் போகல. ஊர்லருந்து பெண்டாட்டியைக் கூட்டிட்டு வர வழியில்ல, வெள்ளக்காரப் பொண்ணைக் கட்ட சட்டம் விடாது. பக்கத்து வயல்ல பருத்தி எடுக்க வந்த மெக்சிகோ குடும்பத்துப் பொண்ணுங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்த கிளார்க்குக்கு ரெண்டு பேரும் ஒரே பிரவுன் கலரு, முத்திரை குத்தி அனுப்பிட்டாரு. வீட்டுல ஒரே கல்லுல சப்பாத்தியும் வேகும் டார்ட்டியாங்கிற மெக்சிகோ ரொட்டியும் வேகும், பிள்ளைங்க அம்மா பாஷை ஸ்பானிஷ் பேசி சர்ச்சுக்குப் போனாங்க. இந்தக் கதையில எந்தத் தலைவரும் இல்ல, கொள்கையும் இல்ல, பக்கத்து பக்கத்து வயல் மட்டும்தான்.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா நான் சொல்ல வர்ற விஷயமே இதுதான். ரெண்டு கூட்டம் எந்த இடத்துல நின்னு ஒருத்தரை ஒருத்தர் முதல்ல பாக்குறாங்கங்கிறதுலயே பாதி முடிவாயிடுது. ஒரே வரிசையில பக்கத்துல பக்கத்துல நின்னா ஒரு மாதிரி, கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர்னா வேற மாதிரி.

டெலானோவைப் பாருங்க. கலிபோர்னியா நடுவுல, பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்க ஒரு திராட்ச ஊரு. நான் ரெண்டு தடவை போயிருக்கேன், பாக்க ஒண்ணுமே இல்ல, கண்ணுக்கெட்டுன தூரம் கொடி, கொடி, கொடி, வெயில்னா நம்ம வேலூர் வெயில். அங்க 1960கள்ல வேலை பாத்த பிலிப்பைன்ஸ்காரங்க பெரும்பாலும் வயசான கல்யாணம் ஆகாத ஆம்பளைங்க. ஏன்னு கேட்டா, 1920கள்லயும் 30கள்லயும் இளவட்டமா வந்து இறங்குனாங்க, கூட வந்த பொம்பளைங்க ரொம்ப கம்மி, இங்க வெள்ளக்காரப் பொண்ணு கூட டான்ஸ் ஆடுனாங்கன்னே 1930ல வாட்சன்வில்ல கலவரம் பண்ணி 22 வயசு பையன் ஒருத்தனை சுட்டுக் கொன்னாங்க. 1933ல கோர்ட்டுல ஒரு பிலிப்பினோ "சட்டத்துல மங்கோலியன்னுதான் போட்டிருக்கு, நான் மலாய் இனம், அதனால கட்டிக்கலாம்"னு ஜெயிச்சாரு, உடனே அந்த வருஷமே சட்டசபையில "மலாய்"ங்கிற வார்த்தையையும் சேத்துட்டாங்க. அந்தச் சட்டம் 1948ல செல்லாதுன்னு ஆகுறதுக்குள்ள இவங்க இளமை போயிடுச்சு. லேபர் கேம்ப்ல ஒரு கட்டில், ஒரு சேவல், மத்தியானம் சீட்டாட்டம், இதான் வாழ்க்கை. இவங்கள "மனோங்"னு கூப்பிடுவாங்க, அவங்க பாஷையில அண்ணன்னு அர்த்தம், நம்ம "அண்ணே" மாதிரியே மரியாதையும் பாசமும் கலந்தது.

முதலாளிங்க டெக்னிக் சிம்பிள். பிலிப்பினோக்கள் ஸ்ட்ரைக் பண்ணா மெக்சிகோக்காரங்களை லாரில ஏத்திட்டு வருவாங்க, அவங்க ஸ்ட்ரைக் பண்ணா இவங்களை. கேம்ப் தனி, கங்காணி தனி, ஒருத்தருக்கு இன்னொருத்தர் எப்பவும் கருங்காலி. ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு நாம சொல்றோம்ல, இங்க கூத்தாடியே காசு போட்டு ரெண்டுபடுத்துனான்.

1965 மே மாசம் கோச்செல்லா பக்கம் பிலிப்பினோக்கள் வேலைய நிறுத்தி மணிக்கு 1.40 டாலர் வாங்கிட்டாங்க. அறுவடை வடக்க நகந்து டெலானோ வந்தா அங்க அதைவிடக் கம்மிதான்னு சொன்னாங்க. செப்டம்பர் 8, லேரி இட்லியாங் தலைமையில பிலிப்பினோக்கள் கேம்ப்லயே உக்காந்துட்டாங்க, வயலுக்கு யாரும் போகல. இட்லியாங் ஒரு ஆளு, வாயில சுருட்டு, ஒரு கையில மூணு விரல் கிடையாது, "செவன் ஃபிங்கர்ஸ்"னே பட்டப்பேரு. முதலாளிங்க கேம்ப்ல கேஸ், கரண்ட், தண்ணி எல்லாத்தையும் கட் பண்ணாங்க. இட்லியாங்குக்கு நல்லா தெரியும், இன்னும் ரெண்டு நாள்ல மெக்சிகோக்காரங்க லாரி வந்துடும், அத்தோட கதை முடிஞ்சுது. நேரா சீசர் சாவேஸ்கிட்ட போறாரு. சாவேஸும் டோலோரஸ் ஹுவெர்ட்டாவும் அப்போதான் மெக்சிகோ தொழிலாளிங்களுக்குன்னு சங்கம் கட்டிட்டு இருந்தாங்க, கையில காசு இல்ல, ஸ்ட்ரைக்குக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்னு சாவேஸ் கணக்கு. இட்லியாங் கேட்டது ஒரே விஷயம்: நாங்க வெளியில நிக்கிறப்ப உங்க ஆளுங்க உள்ள போனா, நாளைக்கு நீங்க வெளியில நிக்கிறப்ப எங்க ஆளுங்க உள்ள போவாங்க. செப்டம்பர் 16, மெக்சிகோ சுதந்திர தினம், சர்ச் மண்டபத்துல கூட்டம் கூடி நாங்களும் ஸ்ட்ரைக்னு முடிவு பண்ணாங்க.

எனக்குப் பிடிச்ச கட்டம் அதுக்கப்புறம் வர்றது. ஸ்ட்ரைக்குக்கு ஆபீஸா ஆனது டெலானோ பிலிப்பினோ ஹால். அங்க ஒரு சமையக்கட்டு. மனோங்குங்க சமைக்க, ரெண்டு கூட்டமும் ஒரே டேபிள்ல உக்காந்து சாப்பிட்டாங்க. பீன்ஸும் டார்ட்டியாவும் தின்னு பழகுனவங்க முன்னாடி சோறும் மீனும். 20 வருஷமா ஒரே ஊர்ல இருந்தும் அடுத்தவன் தட்டுல என்ன இருக்குன்னே தெரியாதவங்க. கூட்டம் முடியிறப்ப எல்லாரும் மெதுவா கை தட்ட ஆரம்பிச்சு வேகமாக்கி ஒரே அடியில நிறுத்துவாங்க, இன்னிக்கும் பிலிப்பினோ பசங்க கூட்டத்துல அதைப் பாக்கலாம். 1966ல ரெண்டு சங்கமும் ஒண்ணாச்சு, டெலானோவுலருந்து மாகாணத் தலைநகர் சேக்ரமென்டோ வரைக்கும் நடந்தே போனாங்க, நாடு முழுக்க திராட்சய வாங்காதீங்கன்னு பிரசாரம் பண்ணாங்க, 1970 ஜூலைல டெலானோ முதலாளிங்க ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க. 5 வருஷம்.

இதோட நிறுத்துனா சினிமா மாதிரி அழகா இருக்கும், ஆனா நிறுத்த முடியாது. ஒண்ணான சங்கத்துல எண்ணிக்கை மெக்சிகோக்காரங்க பக்கம், கூட்டம் ஸ்பானிஷ்ல நடக்கும், மனோங்குங்க சுவரோரமா உக்காந்து முழிப்பாங்க. சங்கம் கொண்டு வந்த புது சீனியாரிட்டி முறையில வருஷக்கணக்கா ஒண்ணா வேலை பாத்த பிலிப்பினோ செட்டுங்க உடைஞ்சு போச்சு. இட்லியாங் 1971ல வெளியேறிட்டாரு. இன்னொரு தலைவரு பிலிப் வேரா குரூஸ், சாவேஸ் 1977ல பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்கோஸைப் போய் பாத்துட்டு வந்ததைப் பொறுக்க முடியாம விலகினாரு. இன்னிக்கு சாவேஸ் பேரு தெரிஞ்ச பத்து பேருல ஒருத்தருக்கு இட்லியாங் பேரு தெரிஞ்சா பெரிய விஷயம். சேந்து நின்னா பலம்தான், சேந்ததுக்கு அப்புறம் மைக் யாரு கையிலங்கிறது தனி சண்டை.

சரி, "ஏசியன் அமெரிக்கன்"ங்கிற வார்த்தை. 1968ல கலிபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டில யூஜி இச்சியோகா, எம்மா ஜீன்னு ரெண்டு ஸ்டூடண்ட்ஸ், ஒருத்தர் ஜப்பான் வம்சம் ஒருத்தர் சீன வம்சம், ஒரு அரசியல் அமைப்பு ஆரம்பிக்க இந்தப் பேரை வச்சாங்க. அது வரைக்கும் வெள்ளக்காரங்க வச்ச பேரு "ஓரியன்டல்", கார்பெட்டுக்கு வைக்கிற பேரு. அதே வருஷம் நவம்பர்ல பக்கத்துல சான்பிரான்சிஸ்கோ ஸ்டேட் காலேஜ்ல கருப்பின மாணவர் சங்கம் ஸ்ட்ரைக் ஆரம்பிச்சுது, மெக்சிகோ, சீன, பிலிப்பினோ, ஜப்பான் வம்சாவளி பசங்க எல்லாம் கூட சேந்தாங்க, எங்க வரலாறையும் பாடமா வைங்கன்னு. 5 மாசம் கிட்ட போச்சு, கடைசியில அதுக்குன்னு தனி கல்லூரியே வந்துச்சு. இதுல பெரிய கூத்து என்னன்னா ஸ்ட்ரைக்கை அடக்க வந்த பிரின்சிபால் ஹயகாவா, அவரும் ஜப்பான் வம்சாவளிதான். வேன் மேல ஏறி பசங்களோட ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி எறிஞ்சாரு, அந்த ஃபேமஸ்ல பின்னாடி செனட்டராவே ஆயிட்டாரு. ரத்தம் பேசும்னு நம்புறவங்க இவரைக் கொஞ்சம் பாக்கணும்.

பெர்க்லின்னதும் ஒரு விஷயம். 2024ல கமலா ஹாரிஸ் இந்தியரா கருப்பினமான்னு ட்ரம்ப் கிளப்பிவிட்டு பெரிய பஞ்சாயத்து ஆச்சு இல்லையா, அதுக்கான பதில் 1960களோட தொடக்கத்துல பெர்க்லில இருக்கு. அவங்க அம்மா ஷ்யாமளா கோபாலன் 1958ல 19 வயசுல படிக்க வந்து, கருப்பின மாணவர்களோட படிப்பு வட்டத்துல போய் உக்காந்தவங்க. ஜமைக்காவுலருந்து வந்த டொனால்ட் ஹாரிஸை சந்திச்சதும் அங்கதான். கமலாவோட அம்மாவழித் தாத்தா ஊரு துளசேந்திரபுரத்துல போஸ்டர் ஒட்டுனவங்களுக்கு இந்தப் பாதி கதை தெரியாது.

இப்போ கண்ணாடிக்கு வருவோம். லாஸ் ஏஞ்சல்ஸ், தெற்குப் பக்கம். கருப்பினத்தவங்க வாழ்ந்த வாட்ஸ் பகுதியில 1965ல நடந்த கலவரத்துக்கு அப்புறம் பெரிய சூப்பர்மார்க்கெட்டுங்க மெல்ல மெல்ல ஏரியாவை விட்டுப் போயிடுச்சு, யூதர்கள் வச்சிருந்த சின்னக் கடைங்களும் கை மாறிட்டே வந்து 1970, 80கள்ல கொரியாக்காரங்க கைக்கு வந்துச்சு. இவங்க யாரு? ஊர்ல டிகிரி படிச்சவங்க பல பேரு, இங்க இங்கிலீஷ் வராததால அந்த வேலை கிடைக்காது, பேங்க் லோன் கிடைக்காது. என்ன பண்ணாங்க, "கே"ன்னு ஒண்ணு, அப்படியே நம்ம சீட்டுதான், பத்து இருபது பேரு மாசம் பணம் போட்டு ஒருத்தர் எடுக்கிறது. சீட்டு எடுத்து கடை வாங்கி, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் காலையிலருந்து நடுராத்திரி வரைக்கும் புல்லட்ப்ரூஃப் கண்ணாடிக்குப் பின்னாடி. திருட்டு, துப்பாக்கி, அந்தப் பயத்துலயே வாழ்க்கை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிற கருப்பினத்தவரு? அவரு அப்பா காலத்துலருந்து இந்த ஏரியாவுல இருக்காரு, ஃபேக்டரிங்க மூடிட்டாங்க, வேலை இல்ல, அவரு கடை வைக்கிறேன்னு போனா பேங்க் அவருக்கும் குடுக்கல, ஆனா நேத்து வந்தவன் கடை வச்சிருக்கான், பால் பாக்கெட் மத்த ஏரியாவை விட விலை ஜாஸ்தி, உள்ள நுழைஞ்சா திருடனைப் பாக்குற மாதிரி பின்னாடியே வர்றான், சாயங்காலம் கல்லாவை எடுத்துட்டு வேற ஏரியாவுக்குப் போயிடுறான். இன்னொண்ணு, மிச்ச சில்லறையைக் கையில குடுக்காம கவுண்டர்ல வைப்பாங்க, கண்ணைப் பாத்துப் பேச மாட்டாங்க. கொரியாவுல தெரியாத ஆள் கையைத் தொடாம இருக்கிறதும் கண்ணைப் பாக்காம இருக்கிறதும் மரியாதையாம். ஆனா கைக்குப் படாம காசு போடுறதுன்னா என்ன அர்த்தம்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, அது மாதிரி அனுபவம் ஏற்கனவே உள்ளவங்களுக்கு அது அப்படித்தான் படும், நீங்க மனசுல என்ன நினைச்சு வச்சீங்கங்கிறது அங்க எடுபடாது.

1991 மார்ச் 3ம் தேதி ரோட்னி கிங்னு ஒரு கருப்பினத்தவரை போலீஸ் அடிச்ச வீடியோ உலகமே பாத்துச்சு. 13 நாள் கழிச்சு, மார்ச் 16 காலையில, லட்டாஷா ஹார்லின்ஸ்னு 15 வயசு கருப்பினப் பொண்ணு ஒரு கொரியாக்காரங்க கடையில 1.79 டாலர் ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை பைக்குள்ள வச்சுட்டு கவுண்டருக்கு வருது. கையில ரெண்டு டாலர் இருக்கு. கடைக்கார அம்மா சூன் ஜா டூ திருடுறேன்னு சட்டையைப் பிடிச்சு இழுக்க, பொண்ணு அடிக்க, கைகலப்பு ஆகுது. அந்தப் பொண்ணு ஜூஸை கவுண்டர்ல வச்சுட்டு திரும்பி வாசலைப் பாத்து நடக்குது, பின்னாடிலருந்து தலையில சுட்டுட்டாங்க. கடை கேமராவுல எல்லாம் இருக்கு. ஜூரி குற்றவாளின்னாங்க, 16 வருஷம் வரைக்கும் குடுக்கலாம், ஜட்ஜு குடுத்தது 5 வருஷ நன்னடத்தைக் காவல், 400 மணி நேரம் சமூக சேவை, 500 டாலர் ஃபைன். ஒரு நாள் ஜெயில் தண்டனை இல்ல. 1992 ஏப்ரல் 21 அப்பீல் கோர்ட்டும் அதுவே சரின்னுடுச்சு. எட்டு நாள் கழிச்சு, ஏப்ரல் 29, கிங் கேஸ்ல போலீஸ்காரங்களை விடுதலை பண்ணாங்க.

ஊர்ல கலவரம் வெடிச்சுது, அடுத்த ஆறு நாள்ல 60க்கு மேல உயிர் போச்சு, சுமார் 100 கோடி டாலர் நஷ்டம், அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா கொரியாக்காரங்களோடது, 2,000க்கு மேல அவங்க கடைங்க. போலீஸ் முதல் நாள் சாயங்காலமே பின்வாங்கி வசதியான ஏரியாக்கள் பக்கம் நின்னுக்கிட்டாங்க, கொரியாடவுன்லருந்து போன் போட்டவங்களுக்கு ஆள் வரல. ரேடியோ கொரியாவுல அழுதுக்கிட்டே உதவி கேக்குறாங்க, கடை மொட்டைமாடில துப்பாக்கியோட ஆம்பளைங்க. கலவரத்துல செத்துப்போன ஒரே கொரிய வம்சாவளி, 18 வயசுப் பையன், கடைங்களைக் காப்பாத்தப் போனவன், கொள்ளையடிக்க வந்தவன்னு நினைச்சு சுட்டது இன்னொரு கொரியாக்காரரு. டிவியில ராப்பகலா "கருப்பர் கொரியர் சண்டை"ன்னு ஓட்டுனாங்க, ஆனா கைதானவங்க கணக்கெடுத்தா ஏறக்குறைய பாதி லத்தீனோக்கள், அதாவது மெக்சிகோ மாதிரி லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரங்க. தீர்ப்பு சொன்ன கோர்ட்டு, லோன் குடுக்காத பேங்க், ஏரியாவை விட்டுப்போன சூப்பர்மார்க்கெட் கம்பெனி, இவங்க யாரும் அந்த டிவி ஷாட்டுல வரவே இல்ல. கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் நின்ன ரெண்டு பேரு மட்டும்தான் தெரிஞ்சாங்க.

கொரியாக்காரங்க அந்த நாளை "சா-இ-கு"ன்னு சொல்றாங்க, 4-2-9னு அர்த்தம். மே 2ம் தேதி கொரியாடவுன்ல பல ஆயிரம் பேரு அமைதி ஊர்வலம் போனாங்க. அது வரைக்கும் நாம கொரியன், சம்பாதிச்சா போதும்னு இருந்தவங்க, நாங்க கொரியன் அமெரிக்கன், எங்களுக்கும் கவுன்சில்ல ஆள் வேணும்னு பேச ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். இன்னொரு பக்கம் கேரன் பாஸ், பின்னாடி அந்த ஊரு மேயரானவங்க, எரிஞ்ச சாராயக் கடைங்களைத் திரும்பக் கட்டாதீங்க, லாண்டரி மாதிரி வேற தொழில் வைங்கன்னு இயக்கம் நடத்துனாங்க. தெரு மக்களுக்கு அது நல்லது, கடையை இழந்தவருக்கு அது ரெண்டாவது அடி. ரெண்டுமே உண்மை. ரெண்டு பக்கமும் பேசிக்கணும்னு 1986லருந்து இருந்த ஒரு கூட்டமைப்பு அந்த வருஷக் கடைசியிலயே கலைஞ்சு போச்சு.

டெட்ராய்ட் கதையையும் சொல்லணும், அங்க 9 வருஷம் இருந்துட்டு சொல்லாம விட்டா பாவம். 1982 ஜூன், ஜப்பான் கார் வந்து வேலை போச்சுன்னு ஊரே கொதிச்சுட்டு இருந்த நேரம். வின்சென்ட் சின், 27 வயசு, சீன வம்சம், கல்யாணத்துக்கு முன்னாடி நண்பர்களோட பார்ட்டிக்குப் போனவன். உங்களாலதான்டா எங்க வேலை போச்சுன்னு தகராறு பண்ணி, ஒரு கார் கம்பெனி சூப்பர்வைசரும் அவரு மனைவிக்கு முந்தின கல்யாணத்துல பொறந்த மகனும் துரத்திப் போய் பேஸ்பால் மட்டையால அடிச்சாங்க. நாலு நாள்ல இறந்துட்டான், கல்யாணத்துக்கு வந்தவங்க சாவு வீட்டுக்குப் போனாங்க. தண்டனை, 3 வருஷ நன்னடத்தைக் காவலும் 3,000 டாலர் ஃபைனும். இவங்க ஜெயிலுக்கு அனுப்புற மாதிரி ஆளுங்க இல்லன்னு ஜட்ஜு விளக்கம் வேற. அன்னிக்குதான் பேட்ஜ் குத்திக்கிட்டுத் தப்பிக்கிற பழைய வித்தை செல்லாதுன்னு தெரிஞ்சுது. 1983ல சீனா, ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ்னு எல்லாரும் சேந்து ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, அவன் அம்மா லில்லி சின் ஊர் ஊரா மேடை ஏறி அழுதாங்க, கருப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் வந்து கூட நின்னாரு. கேஸ் கடைசியில 1987ல விடுதலையிலதான் முடிஞ்சுது, அந்த அம்மா மனசு வெறுத்து சீனாவுக்கே போயிட்டாங்க. பெர்க்லி பசங்க காகிதத்துல எழுதுன "ஏசியன் அமெரிக்கன்" சாதாரண ஜனங்க வாய்க்கு வந்தது இந்த சாவுலதான்.

நம்ம ஆளுங்க எங்கன்னு கேப்பீங்க. 1970 சென்சஸ்ல இந்தியர்களை வெள்ளையர் கணக்குல சேத்திருந்தாங்க, நிறைய பேருக்கு அது உள்ளுக்குள்ள குஷி. அப்புறம் ஒரு இந்தியர் சங்கம் போராடி 1980ல "ஏசியன் இந்தியன்"னு தனிக் கட்டம் வாங்குச்சு, மைனாரிட்டின்னா சில சலுகைங்க உண்டு இல்ல. இன்னொரு சங்கம் வேணாம், வெளியில தெரிஞ்சா அடி விழும்னு எதிர்த்துச்சு. 1987ல ஜெர்சி சிட்டில நம்மாளுங்க நெத்திப் பொட்டைக் குறி வச்சே "டாட்பஸ்டர்ஸ்"னு ஒரு கும்பல் கிளம்புச்சு, 2001 செப்டம்பர் 11 முடிஞ்சு நாலாம் நாள் அரிசோனாவுல தலைப்பாகை கட்டுன பல்பீர் சிங் சோதியை அவரோட பெட்ரோல் பங்க் வாசல்லயே சுட்டுக் கொன்னாங்க. சலுகை கேட்டவங்களையும் சரி, ஒளிஞ்சுக்கலாம்னு சொன்னவங்களையும் சரி, கட்டத்தைப் பாத்து யாரும் அடிக்கல. 2023ல சியாட்டில் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட்ட முதல் அமெரிக்க நகரம் ஆச்சு, அதை எதிர்த்து பேசுனவங்களும் நம்ம ஆளுங்க, ஆதரிச்சவங்களும் நம்ம ஆளுங்க. திண்ட் கொண்டு வந்த பெட்டி நூறு வருஷம் ஆகியும் இன்னும் முழுசா பிரிக்கப்படல.

தம்பி கேட்டதுக்கு நேரா பதில் சொல்லணும்னா, சேரலன்னு சொல்றது தப்பு, பல தடவை சேந்திருக்காங்க, வெறும் அறிவுரையால சேரல, ஒரே முதலாளிகிட்ட ஒரே கூலிக்கு நின்னப்ப சேந்தாங்க. கொரியாடவுன்லயே அதுக்கு சாட்சி இருக்கு. கலவரத்துக்கு ஒரு மாசம் முன்னாடி கொரியத் தொழிலாளர்களுக்குன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. கொரியாக்காரங்க ஹோட்டல்ல கொரியாக்கார அம்மாங்க சர்வரா இருப்பாங்க, சமையக்கட்டுல மெக்சிகோ, குவாதமாலா ஆளுங்க, சம்பளம் ஏமாத்துற முதலாளியும் கொரியாக்காரரு. அந்த அமைப்பு ரெண்டு பேருக்கும் சேத்து, சொந்த இனத்து முதலாளி வாசல்லயே போய் மறியல் பண்ணுச்சு. சொந்த ஜனத்தையே காட்டிக் குடுக்குறாங்கன்னு திட்டு வாங்குனாங்க, விடல.

போன வருஷம் அங்க ஒரு ஹோட்டலுக்கு சாப்பிடப் போனேன், எனக்குக் கிடைச்ச டேபிள் சமையக்கட்டு கதவோரம். உள்ள ஒரு கொரியாக்கார பாட்டியும் ஒரு மெக்சிகோ சமையக்காரரும் கிம்சிங்கிற முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு உப்பு போதுமா போதாதான்னு சண்டை போட்டுட்டு இருந்தாங்க, அந்தாளு கொரிய பாஷையில கத்துறாரு, பாட்டி ஸ்பானிஷ்ல திருப்பிக் கத்துது. கடைசில பாட்டி ஒரு துண்டைப் பிச்சு அவரு வாயிலயே திணிச்சுது. அவரு மென்னுட்டு, இன்னொரு கை உப்பை எடுத்தாரு.